ரிப்போர்ட்டில் ‘டார்கெட் 65’ என்று போட்டிருந்தால் அது யாருடைய டார்கெட்?

சகோதரி, நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் கிரேடு 9. இரண்டாம் டேர்ம் ரிப்போர்ட்டில் கணக்குக்கு 52. பக்கத்துக் கட்டத்தில் டார்கெட் 65, அடுத்த கட்டத்தில் வகுப்பு சராசரி 44. கீழே ஆசிரியர் குறிப்பு: ‘திருப்திகரமான முன்னேற்றம்’. முதல் டேர்மில் அவள் வாங்கியது 61. ஒன்பது மார்க் குறைந்தது எப்படி முன்னேற்றமாகும், ரேங்க்கும் போடாமல் இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிறபோக்கில், கிரேடு 10-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் வரப்போகிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் காகிதத்தை நம்பி மகளைக் கணக்கில் விடலாமா, இல்லை, கணக்குக்குப் பதிலாக எடுக்கும் அன்றாட வாழ்க்கைக் கணக்குப் பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு அனுப்ப வேண்டுமா?

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு ஹைஸ்கூலில் 29 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி 11 வருடம் கணக்குத் துறைத் தலைவர். என் தமிழ் ஆயாவிடமும் கோயில் வகுப்பிலும் கற்றது, பள்ளிக்கூடச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் முறை எப்படி இயங்குகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் மகளின் விடைத்தாளை நான் பார்க்கவில்லை. அதனால் அவளைப் பற்றிச் சொல்வது எல்லாம் ஊகம்தான்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே மார்க்கை ஏழு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 80-லிருந்து ஏழாம் நிலை, 70-லிருந்து ஆறு, 60-லிருந்து ஐந்து, 50-லிருந்து நான்கு, 40-லிருந்து மூன்று, 30-லிருந்து இரண்டு, அதற்குக் கீழே எல்லாம் ஒன்று. உங்கள் மகளின் 52 நான்காம் நிலை. ‘போதுமான அளவு’ என்று பெயர். தமிழ்நாட்டில் 35 எடுத்தால் பாஸ் என்பதுபோல் எல்லாப் பாடத்துக்கும் ஒரே கோடு இங்கே கிடையாது. கிரேடு 9-ல் ஹோம் லாங்குவேஜுக்கு, அதாவது முதல் மொழிக்கு, 50, அடுத்த மொழிக்கு 40, கணக்குக்கு 40, மற்றவற்றில் மூன்று பாடங்களுக்கு 40, இன்னும் இரண்டுக்கு 30. இத்தனையும் இருந்தால் மேல் வகுப்பு. ஆக, 52 என்பது கிரேடு 9-ஐத் தாண்டுவதற்குப் பயப்பட வேண்டிய மார்க்கே இல்லை. ரேங்க் இல்லையே என்று வருந்த வேண்டாம். உங்கள் ஊரிலேயே 2017 முதல் பொதுத்தேர்வில் முதலிடம் யாருக்கு என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, ஒவ்வொரு டேர்மும் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பள்ளி அதைப் பிடித்து வைக்கக் கூடாது. ஃபீஸ் பாக்கி இருந்தாலும் சரி. இதைத் தெரியாமல் தவிக்கிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ‘டார்கெட்’ கட்டம் மட்டும் வேறு கதை. சதவீதமும் நிலையும் அரசு விதிப்படி வருவன. டார்கெட் உங்கள் பள்ளி தானாகச் சேர்த்துக்கொண்ட கட்டம். அதை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று ஒரு பொது விதி இல்லை. அதனால் ஒரு பள்ளியின் 65-ம் பக்கத்துப் பள்ளியின் 65-ம் ஒரே பொருள் தராது.

டார்கெட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதன் எடையும் தெரியும். மேலிருந்து ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் மேட்ரிக், அதாவது கிரேடு 12 பொதுத்தேர்வின், முடிவு வெளியாகும்போது நாடு முழுக்க ஒரு எண்ணைத்தான் பார்க்கிறது. 2024 வகுப்புக்கு அது 87.3 சதவீதம். அது பரீட்சை எழுதியவர்களில் தேறியவர்களின் கணக்கு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கிரேடு 1-ல் சேர்ந்து நடுவில் நின்றுபோன பிள்ளைகள் அதில் இல்லை. பிறகு மாகாணத்தின் எண், மாவட்டத்தின் எண், பள்ளியின் எண். முடிவு மோசமான பள்ளிகளை மாகாணக் கல்வித்துறை அடையாளம் காட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், தலைமையாசிரியர் அதற்கு ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்திலேயே இருக்கிறது. தலைமையாசிரியர் துறைத் தலைவரைக் கேட்பார், துறைத் தலைவர் ஆசிரியரைக் கேட்பார். படி இறங்கி இறங்கி ஒரு நாள் அந்த எண் பதினான்கு வயதுப் பெண்ணின் பெயருக்கு எதிரே வந்து உட்காரும்.

நானே அதைச் செய்திருக்கிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு வருடம் பிப்ரவரியில், மறுநாள் காலைக்குள் எல்லா வகுப்புக்கும் டார்கெட் வேண்டும் என்றார்கள். ராத்திரி பத்து மணிக்கு எக்செல்லைத் திறந்து, போன வருட மார்க்கோடு பத்தைக் கூட்டி, மேலிருந்து கீழே இழுத்துவிட்டேன். அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு இலக்கு தயார், நாற்பது நிமிட வேலை. 34 எடுத்த ஒரு பையனுக்கு 44 என்று விழுந்தது. அவன் அந்த வருடம் அப்பாவை இழந்து, பாதி நாள் பள்ளிக்கே வராமல் இருந்தவன். மறு வருடம் ஒழுங்காக வந்தான், 58 எடுத்தான், டார்கெட் தேவையே படவில்லை. 78 எடுத்த ஒரு பெண்ணுக்கு 88. அவள் இரண்டாம் டேர்மிலேயே 88-ஐத் தொட்டுவிட்டு, அதற்கப்புறம் கடைசிக் கேள்விகளைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். ‘டார்கெட் வந்துவிட்டதே சார்’ என்றாள். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. எல்லாப் பள்ளியும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையை உட்காரவைத்துப் பேசி, அவளே ஒரு எண்ணைச் சொல்லவைத்து எழுதுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உங்கள் பள்ளி எந்த ரகம் என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு சிக்கல், டார்கெட்டுக்கு அடித்தளமாக இருக்கும் அந்தப் பழைய மார்க்கே பள்ளி தானாகப் போட்டதுதான். இந்த நாட்டில் மேட்ரிக் வரைக்கும் வெளியிலிருந்து வந்து எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பரீட்சை கிடையாது. நடுவில் சில வருடம் ஒன்று இருந்தது. 2011 முதல் 2014 வரை ‘ஆனா’ (ANA, Annual National Assessments) என்று வருடாந்தரத் தேசியத் தேர்வு ஒன்று நடத்தினார்கள். 2012-ல் அதில் கிரேடு 9-ஐயும் சேர்த்தார்கள். கணக்கில் நாட்டுச் சராசரி அந்த வருடம் 13 சதவீதம், அடுத்த வருடம் 14, 2014-ல் 11. எழுத்துப்பிழை இல்லை, பதினொன்றுதான். எங்கள் ரிப்போர்ட்டில் 50, 55 என்று வாங்கிய பிள்ளைகள் அந்தத் தாளில் 20-ஐத் தாண்ட முடியாமல் திணறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாள் சரியில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள், அதிலும் நியாயம் இருந்தது. 2015-ல் ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்க, அது நின்றுபோனது. ஆனால் எனக்கு ஒன்று மனதில் பதிந்துவிட்டது. நாங்கள் போடுகிற 52 எங்கள் பள்ளிச் சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகிற 52.

சரி, 61 எப்படி 52 ஆனது? இது பெரும்பாலும் வீழ்ச்சியே அல்ல. பாடத்திட்டத்தின் மூல வரிசைப்படி முதல் டேர்ம் கணக்கில் பெரும்பாலும் எண்கள், அடுக்குகள், அல்ஜீப்ரா. இரண்டாம் டேர்மில் வடிவியல், வரைதல், பித்தாகரஸ், பரப்பளவு. அல்ஜீப்ராவில் கில்லாடியாக இருக்கும் பிள்ளை வடிவியலில் தடுமாறுவதை வருடா வருடம் பார்க்கலாம். முதல் டேர்ம் மார்க்கில் வீட்டில் செய்து கொண்டுவரும் அசைன்மென்ட் ஒன்று கலந்திருக்கும்; அண்ணன், அக்கா, டியூஷன் டீச்சர் எல்லாரும் அதில் ஒரு கை போட்டிருப்பார்கள். இரண்டாம் டேர்மில் ஜூன் பரீட்சையின் பங்கு பெரிது. அதோடு, 50 மார்க் டெஸ்ட்டில் ஐந்து மார்க் கணக்கு ஒன்றைத் தவறவிட்டால் அங்கேயே பத்து சதவீதம் போய்விட்டது. ஆக இரண்டு ரிப்போர்ட்டை அடுத்தடுத்து வைத்துக் கழித்துப் பார்ப்பது, போன வாரம் வாங்கிய கத்தரிக்காயையும் இந்த வாரம் வாங்கிய முருங்கைக்காயையும் எடை போட்டுப் பார்ப்பது மாதிரி. போன வருட ஜூனை இந்த வருட ஜூனோடு ஒப்பிட்டால் கொஞ்சம் பொருள் கிடைக்கும்.

அந்த 44-ஐக் கவனியுங்கள். வகுப்பு சராசரியை எல்லாப் பள்ளியும் அச்சிடுவதில்லை, உங்கள் பள்ளி அச்சிட்டிருப்பது நல்ல விஷயம். முதல் டேர்மில் சராசரி எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அது 55 இருந்திருந்தால் அப்போது அவள் சராசரிக்கு ஆறு மேலே, இப்போது எட்டு மேலே. தாள் கடினமாகியிருக்கிறது, அவள் நின்ற இடத்தில்தான் நிற்கிறாள், ஒரு அடி முன்னே என்றுகூடச் சொல்லலாம். ஆசிரியரின் ‘திருப்திகரமான முன்னேற்றம்’ அப்படி வந்ததாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எங்கள் பள்ளியில் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்போம். 50-லிருந்து 59 வரைக்கும் ஒரே வாக்கியம். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் எழுதும்போது வேறு வழியில்லை. குறிப்பைப் படித்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

ஒரு சொல்லை மட்டும் எச்சரிக்கையாகப் பாருங்கள், வருடக் கடைசி ரிப்போர்ட்டில். ‘புரமோட்டட்’ என்றால் தேறிவிட்டாள். ‘புரோகிரஸ்ட்’ என்று இருந்தால் முன்னேறிவிட்டாள் என்று நினைத்து இனிப்பு வாங்கிவிடாதீர்கள். தேவையான மார்க் வரவில்லை, ஆனால் கிரேடு 7 முதல் 9 வரை போன்ற ஒரு ‘ஃபேஸு’க்குள் ஒரு தடவைக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்ற விதியால் மேலே அனுப்புகிறோம் என்று அர்த்தம். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு அப்பா, இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு எனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு எப்படி விளக்குவது என்று தெரியாமல் விழித்தேன்.

இப்போது உங்கள் மூலக் கேள்வி. கிரேடு 9-ல் கணக்கில் 52 எடுத்த பிள்ளை கிரேடு 10-ல் என்ன ஆவாள்? டார்கெட் கட்டம் இதற்குப் பதில் சொல்லாது. வினாத்தாள் எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் பாதிப் பதில் இருக்கிறது. பாடத்திட்டத்தின்படி கணக்குத் தாளில் நான்கு வகைக் கேள்விகள். நேரடி அறிவு, பழகிய முறை, சிக்கலான முறை, புதிதாக யோசிக்க வேண்டியது. கிரேடு 7 முதல் 9 வரை இவற்றின் பங்கு ஏறக்குறைய 25, 45, 20, 10. கிரேடு 10 முதல் 12 வரை 20, 35, 30, 15. கூட்டிப் பாருங்கள். கிரேடு 9-ல் மனப்பாடமும் பழக்கமும் இருந்தால் தொடக்கூடியது நூற்றுக்கு 70 மார்க். ஒரே டிசம்பர் லீவு முடிந்து ஜனவரியில் கிரேடு 10-க்கு வந்தால் அது 55. கடினமான பகுதி 30-லிருந்து 45 ஆகிவிடுகிறது. டிசம்பரில் 60 வாங்கிச் சந்தோஷமாகப் போன பிள்ளை மார்ச்சில் 38 வாங்கிக்கொண்டு கலங்கிப்போய் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதனால் 52 என்ற எண்ணை விட, அந்த 52 எங்கே இருந்து வந்தது என்பதுதான் முக்கியம். இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி சுலபமான 70-ல் 52 எடுத்து, கடினமான 30-ல் ஒன்றும் எடுக்கவில்லை. இன்னொருத்தி சுலபமானதில் அவசரத்தில் நிறையத் தவறவிட்டு 40, ஆனால் கடினமானதில் 12. ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே 52, ஒரே நான்காம் நிலை, ஒரே வாக்கியம். இதே விகிதத்தில் கிரேடு 10 தாளை எழுதினால் முதல் பெண்ணுக்கு 41 வரும், இரண்டாவது பெண்ணுக்கு 49. இரண்டாவது பெண்ணின் குறை கவனக்குறைவு, அதைச் சரிசெய்யலாம். முதல் பெண்ணுக்கு யோசிக்கும் பழக்கமே புதிதாக வர வேண்டும். அதுவும் வரும், ஆனால் நேரம் எடுக்கும். இது வெறும் கூட்டல் கழித்தல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரேடு 10 பாடமே கனமானது, ஆசிரியர் மாறுவார், பிள்ளையின் மனசும் மாறும். 41-க்குப் பதில் 25-ம் பார்த்திருக்கிறேன், 70-ம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது ஜூன் விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம்தான் தருவார்கள், வரிசையில் உங்களுக்குப் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். அதனால் முந்தின நாளே ஒரு சீட்டு எழுதி மகளிடம் கொடுத்தனுப்பி, தாளை எடுத்து வைக்கச் சொல்வது நல்லது. தாள் கையில் வந்ததும் மொத்தத்தைப் பார்க்காமல், கடைசி மூன்று கேள்விகளைப் பாருங்கள். அங்கே வெள்ளைத் தாளாக இருக்கிறதா, இல்லை தப்பாகவாவது நாலு வரி எழுதியிருக்கிறாளா? வெள்ளையாக விட்டவளை விட தப்பாக எழுதியவளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அப்புறம் ஆசிரியரிடம், இந்த 65 எதைப் பார்த்துப் போட்டது என்று சாதாரணமாகக் கேளுங்கள். சண்டை மாதிரி வேண்டாம். ‘போன வருட மார்க்கோடு இவ்வளவு கூட்டினோம்’ என்று பதில் வந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம். ‘வடிவியலை மட்டும் சரிசெய்தால் இவளால் 65 முடியும்’ என்று சொன்னால், அந்த ஆசிரியருக்கு உங்கள் மகளைத் தெரிந்திருக்கிறது. அவர் சொல்வதைக் கேளுங்கள், என் பேச்சை விட அது மேல்.

மேத்ஸ் லிட்டரசியைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு இளக்காரம் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்காது. வட்டி, வரி, அளவு, வரைபடம் என்று வாழ்க்கைக்கு வேண்டிய கணக்கு அது. மேட்ரிக்கில் அதுவும் முழுப் பாடம்தான், பட்டப்படிப்புக்கான தேர்ச்சிக்கும் சேரும். ஆனால் இன்ஜினியரிங், மருத்துவம், ஆக்சுவரி (காப்பீட்டுக் கணக்கியல்) போன்ற படிப்புகளுக்கு அது உதவாது, அதில் 90 எடுத்தாலும் சரி. கணக்கில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு லிட்டரசிக்கு மாறுவது நடக்கிற காரியம். லிட்டரசியிலிருந்து கணக்குக்குத் திரும்புவது மிக அரிது. இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்தேன். பள்ளிக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. சுமாரான பிள்ளைகள் லிட்டரசிக்குப் போனால் பள்ளியின் கணக்குத் தேர்ச்சி விகிதம் அழகாகத் தெரியும். 45 எடுத்த பிள்ளையை ‘உனக்கு லிட்டரசிதான் நல்லது’ என்று சொல்லும்போது அந்த நல்லது யாருக்கு என்பது சில சமயம் சொல்கிற ஆசிரியருக்கே தெளிவாக இருக்காது. எனக்கும் இருந்ததில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், 52-ஐ வைத்து மட்டும் கணக்கை விடமாட்டேன். கடைசிக் கேள்விகளை முயற்சி செய்திருக்கிறாள், கணக்கு தேவைப்படும் படிப்பில் அவளுக்கு ஆசையும் இருக்கிறது என்றால் கணக்கு என்றே எழுதுவேன். கிரேடு 10 ஜூன் வரை பார்ப்பேன், மார்ச்சில் 38 வந்தால் பதற மாட்டேன். கடைசிக் கேள்விகள் எல்லாம் வெள்ளை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே அவளுக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றால், நாலாவது மாடி அத்தை என்ன சொல்வாள் என்று யோசிக்காமல் லிட்டரசி என்று எழுதுவேன். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மூன்றாம் டேர்ம் ரிப்போர்ட் வரட்டும். புரட்டாசி விரதத்தோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். பல பள்ளிகள் அதைப் பார்த்த பிறகு பாடத்தை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புத் தருகின்றன, உங்கள் பள்ளியில் கடைசித் தேதி என்ன என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் உங்கள் கையெழுத்துக்கு மேலே ‘பெற்றோர் குறிப்பு’ என்று ஒரு கோடு போட்டிருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். ஜூன் தாளைப் பார்க்க விரும்புகிறேன் என்று அதில் எழுதி அனுப்புங்கள். என்னிடம் வந்த நூற்றுக்கணக்கான ரிப்போர்ட்டில் அந்தக் கோட்டில் ஏதாவது எழுதியவர்கள் வருடத்துக்கு ஐந்தாறு பேர் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் தாளை எடுத்து வைக்க நான் மறந்ததில்லை.